கலைச்சொல் உதவி தேவை: ‘மைக்ரேஷன்’, திங்களன்று அச்சுக்குப் போகிறது

அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் வேண்டும். எங்கள் அறக்கட்டளையின் கோப்புகள், விடுப்பு விண்ணப்பங்கள், சுற்றறிக்கைகள் எல்லாமே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சின்ன அறையில், எங்கள் சொந்த சர்வரில் ஓடும் ஷேர்பாயிண்ட் என்ற மைக்ரோசாப்ட் கோப்புப் பகிர்வு மென்பொருளில் இருக்கின்றன. 2016 பதிப்பு. 2016, 2019 இரண்டுக்குமே மைக்ரோசாப்டின் ஆதரவு 2026 ஜூலை 14 வரைதான். அதோடு நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொண்டது. போன கத்திரியில் அந்த அறையின் ஏசி இரண்டு முறை படுத்து, சர்வர் சூடேறித் தானாகவே அணைந்தது. எனவே எல்லாவற்றையும் மேகத்துக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்குக் (‘கிளவுட்’) கொண்டுபோகிறோம்.

ஊழியர்களுக்கான தமிழ்க் கையேடு திங்கள் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஓட்டுநர், செவிலியர், பள்ளி எழுத்தர் எல்லாரும் படிக்கப் போவது. மற்ற எல்லாம் முடிந்துவிட்டது, ‘மைக்ரேஷன்’ (இப்படி மேகத்துக்குக் கொண்டுபோவது), ‘ஆன்-பிரமிஸ்’ (சொந்த இடத்திலேயே சர்வர் வைத்திருப்பது) இரண்டு மட்டும் நிற்கின்றன. முதலில் ‘தரவு இடமாற்றம்’ என்று போட்டிருந்தேன். எங்கள் எழுத்தர் அம்மா அட்டையைப் பார்த்ததும் முகம் மாறி, “யாருக்கு இடமாற்றம் வந்திருக்கு?” என்று கேட்டார். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். வேறு சொல்லுங்கள்.

காட்பாடி

*

தம்பி, முதலில் மேகத்தைச் சரிசெய்வோம், பிறகு பயணத்தைப் பார்ப்போம். மேகம் வடசொல். ‘மிஹ்’ என்ற வேரிலிருந்து வந்தது, நனைத்தல் என்று பொருள். நமக்கு முகில் இருக்கிறது, கொண்டல் இருக்கிறது, மஞ்சு, கார், கொண்மூ, எழிலி எல்லாம் இருக்கின்றன. சங்கப் பாட்டில் ‘மழை’ என்ற சொல்லே மேகத்தையும் குறிக்கும். இவற்றில் நான் எழிலியைப் பரிந்துரைக்கிறேன். எழு என்ற அடியில் பிறந்தது, மேலெழுவது. குறள் 17-ஐ எடுத்துப் பாருங்கள். கடலிலிருந்து முகந்த எழிலி திருப்பித் தராவிட்டால் நெடுங்கடலும் தன் தன்மை குன்றிவிடும் என்கிறார் வள்ளுவர். நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு நமக்கே தருவது, தராமல் போனால் நாம் வற்றிப்போவது. நீங்கள் சொல்லும் கணினிக் கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ‘எழிலியேற்றம்’ என்று வையுங்கள். பதிவேற்றம் வழக்கில் இருப்பதால் ஏற்றம் யாருக்கும் புதிதல்ல.

ஆற்காடு

*

ஐயா, வணக்கம். எழிலி அழகான சொல், என் மாணவிகளில் இரண்டு பேருக்கு அது பெயராகவே இருக்கிறது. ஆனால் பாலிடெக்னிக் வகுப்பில் எழிலி என்று எழுதினால் அதை விளக்கவே ஒரு மணி நேரம் போகும், பாடம் நடக்காது. ‘மேகக் கணிமை’ ஊன்றிவிட்டது, அதை இனிப் பிடுங்க முடியாது. வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதினால் அது நம் செய்யுளுக்கு ஆகும் சொல் என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறாரே. மு.வ. திருப்பத்தூரில் பிறந்தவர், அங்கே தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவர் குறளுக்கு எழுதிய தெளிவுரை இன்றைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கக் காரணம் படித்தவுடன் புரிவதுதான்.

இன்னொன்று, ஏற்றம் எனக்கு ஒப்பவில்லை. பதிவேற்றும்போது நகல்தான் போகிறது, மூலம் நம் கணினியிலேயே இருக்கும். இங்கே மூல இடத்தையே காலி செய்கிறோம். இரண்டும் ஒன்று என்று ஊழியர் நினைத்தால், போன பிறகும் பழைய சர்வரில் போய் எழுதிக்கொண்டிருப்பார்கள். நான் கண்ணால் பார்த்தது.

அப்புறம் மேகம் என்கிறோமே தவிர அது தரையில்தான் இருக்கிறது. மைக்ரோசாப்ட் 2015-ல் புனே, மும்பை, சென்னை மூன்று ஊர்களில் தரவு மையம் திறந்தது. வானத்தைப் பற்றிய சொல்லைவிட வீட்டைப் பற்றிய சொல்லே உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலூர், தொரப்பாடி

*

ஏற்றத்தைத் தள்ளிவிட வேண்டாம், அம்மா. கிணற்று ஏற்றத்தில் துலாவின் மேல் ஒருவர் நடக்க, கீழே ஒருவர் சால் என்ற வாளியைப் பிடித்து இறைப்பார். மேலே வந்த நீர் கிணற்றில் மறுபடி இருக்காது. நகல் எடுத்த ஏற்றம் அல்ல அது. பதிவேற்றம் என்று சொல் வைத்தவர்கள்தான் அதன் பொருளை நீர்த்துப்போகச் செய்தார்கள்.

ஆற்காடு

*

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியானபோது, கோப்புக் கட்டுகள் லாரியில் வந்து இறங்கின. சிவப்பு நாடாவில் கட்டி, மேலே அட்டை செருகி, பட்டியலில் ஒவ்வொரு எண்ணாக டிக் அடித்துக் கையெழுத்து வாங்கினோம். ஒரு கட்டு குறைந்தால் அன்று வீட்டுக்குப் போக முடியாது. இதற்கு நாங்கள் சொன்ன சொல் ‘ஒப்படைப்பு’. கணினியிலும் அதுதானே நடக்கிறது? போன கோப்பு எத்தனை, சேர்ந்தது எத்தனை, யாருக்குப் பார்க்கும் உரிமை, யாருக்குத் திருத்தும் உரிமை, எல்லாம் அப்படியே வந்ததா என்று பார்க்காமல் மாற்றினேன் என்று சொல்லவே கூடாது. ‘மேக ஒப்படைப்பு’.

வடாற்காட்டுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1911 வரை மாவட்டத் தலைநகர் சித்தூர், பிறகுதான் வேலூர். அப்போது எத்தனை மாட்டுவண்டி கோப்பு வந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

இராணிப்பேட்டை

*

எனக்கு ஒரே சொல் தோன்றுகிறது: பாலாலயம். திருப்பணி தொடங்கும்போது சுவாமியைப் பாலாலயத்துக்குக் கொண்டுபோவார்கள், பூசை ஒருநாளும் நிற்காது, வேலை முடிந்ததும் குடமுழுக்கு. காட்பாடித் தம்பி செய்யப்போவதும் இதேதான். முதலில் மொத்தமாக ஒரு நகல், அப்புறம் தினமும் மாறியதை மட்டும் மறுபடி எடுத்துச் சேர்ப்பது, ஒரு சனிக்கிழமை இரவு பழையதைப் பூட்டிப் புதியதைத் திறப்பது. அந்த இடைக்காலத்துக்குப் பாலாலயம், திறக்கும் நேரத்துக்குக் குடமுழுக்கு. எங்கள் ஊர்க்காரனுக்கு இது உடனே புரியும். ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியில் இருந்துவிட்டு 1981-ல் கோட்டைக்குள் திரும்பியதை நேரில் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி

*

சத்துவாச்சாரி அண்ணனுக்கு, உவமை நன்றாக இருக்கிறது, வகுப்பில் விளக்கும்போது தாராளமாகச் சொல்லலாம். கையேட்டின் அட்டையில் வேண்டாம். ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் ஊழியர் இருக்கும் நிறுவனம் அது. எங்கள் வீட்டில் ஊர் விட்டு ஊர் போவதற்கு ஹிஜ்ரத் என்று ஒரு சொல் உண்டு, அதன் கனம் எனக்குத் தெரியும், அதனால்தான் நானும் அதை இங்கே முன்வைக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்று பாருங்கள். ‘இடம்பெயர்வு’ என்று எளிமையாக வைத்தால் என்ன?

ஆம்பூர்

*

இடம்பெயர்வு வேண்டாம்.

நான் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவள். எங்கட வீடுகளில் அந்தச் சொல் 1990-லும் அதற்கு முன்னுக்கும் நடந்ததைச் சொல்வதற்கு. கையில் எடுத்தது போக மிச்சமெல்லாம் விட்டுவிட்டு ஓடுவது அது. பட்டியல் போட்டு, எண்ணிப் பார்த்து, ஒன்றும் குறையாமல் கொண்டுபோகிற வேலைக்கு அந்தச் சொல்லை வைக்காதீர்கள்.

மேல்மொணவூர்

*

மேல்மொணவூர்த் தங்கச்சி எழுதியதைப் படித்து ஒரு நாள் முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஊரை வாயால் குடியாத்தம் என்கிறோம், அச்சில் குடியேற்றம் என்று எழுதுவதும் உண்டு. 1954 இடைத்தேர்தலில் காமராசர் வென்ற தொகுதி என்றால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். அந்தப் பெயரையே தருகிறேன்: மேகக் குடியேற்றம்.

ஊர்ப்பாசத்தால் சொல்லவில்லை. குடி என்ற அடியைப் பிடித்துக்கொண்டால் மற்றச் சொற்களும் கூடவே வருகின்றன. மேகத்தில் நமக்கு ஒதுக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் டெனன்ட் என்கிறார்கள். தமிழில் அதற்குப் பெயர் குடித்தனம். ஒரே கட்டடத்தில் பல நிறுவனங்கள், ஒருவர் பொருள் அடுத்தவருக்குத் தெரியாமல், தண்ணீரும் மின்சாரமும் பொதுவாக, ஆளுக்கு ஆள் வாடகை கொடுத்து இருப்பது ஒண்டுக்குடித்தனம். அகராதி எதற்கு, நெசவுத் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கினால் போதும். ‘ஆன்-பிரமிஸ்’ என்பது சொந்த வீடு. கூரை ஒழுகினாலும் நாமே பார்க்க வேண்டும், காட்பாடித் தம்பியின் ஏசியைப் போல.

போகாதவற்றையும் இந்தச் சொல் விளக்கும். பழைய ஷேர்பாயிண்டில் சர்வருக்குள்ளேயே எழுதிப் பொருத்திய நிரல்கள் மேகத்துக்கு வராது. வீடு மாறும்போது பீரோவைத் தூக்கிப் போகலாம், சுவரில் பதித்த அலமாரியைத் தூக்க முடியுமா? புது வீட்டில் புதிதாகத்தான் செய்ய வேண்டும். இப்படிச் சொன்னால் ஒருவரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

வாசல் அளவும் பார்க்க வேண்டும். மேகத்து ஷேர்பாயிண்டில் கோப்பின் பாதை, பெயரோடு சேர்த்து 400 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ‘வேலூர்’ நமக்கு மூன்றெழுத்து. கணினி வகரம், ஏகாரக் குறி, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி என்று ஆறாக எண்ணும். தமிழில் பெயர் வைத்து உறைக்குள் (ஃபோல்டர்) உறையாக அடுக்கியிருந்தால் அந்த 400 சீக்கிரம் தீர்ந்துவிடும். தம்பி, சொல்லைத் தேடிக்கொண்டே அதையும் ஒரு கண் பாருங்கள்.

குடியாத்தம்

*

குடியேற்றம் சேர்வதை மட்டும் சொல்கிறது, விட்டுப் புறப்படுவதைச் சொல்லவில்லை. அரைச் சொல். ‘குடிபெயர்ப்பு’ என்றால் இரண்டும் அடங்கும். பெயர்தல் தன்வினை, பெயர்த்தல் பிறவினை. கோப்பு தானாக நடந்து போகவில்லை, நாம்தான் பெயர்க்கிறோம், ஆகவே பெயர்வு அல்ல, பெயர்ப்பு. தங்கை சொன்ன குறையும் இதில் இல்லை, ஓடியவர் யாரும் இல்லை. மரபியலில் தொல்காப்பியர் மொழிபெயர்த்தலைச் சொல்கிறார், அங்கும் பிறவினைதான். மாமூலனாரோ வேங்கடத்துக்கு அப்பால் உள்ள நாட்டை மொழிபெயர் தேஎம் என்கிறார். பழைய வடாற்காடு திருப்பதியையும் உள்ளடக்கியது என்பதால், அந்தச் சொல்லின் எல்லைக்கோடு நம் மாவட்டத்தின் வழியாகவே போயிருக்கிறது. இது பற்றி விரிவாக எழுத வேண்டும்.

மேலும் குடியேற்றம் சட்டத்தில் வேறு பொருளில் இருக்கிறது, கடவுச்சீட்டு விவகாரம்.

ஆற்காடு

*

ஐயா, பெயர்ப்பு இலக்கணப்படி சரி. ஆனால் பல்லைப் பெயர்ப்பது, தளத்தைப் பெயர்ப்பது என்றுதான் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், ஏதோ உடைகிற மாதிரி இருக்கிறது. குடியேற்றத்துக்கு என் ஓட்டு. சட்டப் பொருளோடு குழம்பாது, முன்னால்தான் ‘மேக’ இருக்கிறதே. குடி என்றதும் வகுப்பில் யாராவது சிரிப்பார்கள் என்ற கவலை எனக்கும் இருந்தது. நேற்று முதலாண்டு வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் “அப்ப வாடகை கட்டலைனா காலி பண்ணிடுவாங்களா மேடம்?” என்று கேட்டான். பாடத்தின் பாதியை அவனே சொல்லிவிட்டான்.

தொரப்பாடி

*

எல்லாருக்கும் நன்றி. மணி இரவு பதினொன்று, காலையில் அச்சகம். குடியேற்றத்துக்கு ஐந்து பேர், குடிபெயர்ப்புக்கு இரண்டு பேர், ஒப்படைப்புக்கு ஒருவர் எழுதியிருக்கிறீர்கள். அட்டையில் ‘மேகக் குடியேற்றம்’ என்று போட்டுவிட்டேன். ‘ஆன்-பிரமிஸ்’ வருகிற இடமெல்லாம் ‘சொந்த இடத்து சர்வர்’. ‘வழங்கி’ போடவில்லை, மன்னிக்கவும், எங்கள் ஓட்டுநர் முதல் தாளாளர் வரை சர்வர் என்றுதான் சொல்கிறார்கள். ஒப்படைப்பை விடவில்லை, சரிபார்க்கும் அத்தியாயத்துக்கு அதுதான் தலைப்பு, கையெழுத்துப் பட்டியலோடு. டெனன்ட் ‘நம் குடித்தனம்’ ஆகிவிட்டது.

குடியாத்தம் அண்ணா சொன்னதால் பாதை நீளத்தை இன்றே சோதித்தேன். 400-ஐத் தாண்டியவை 37 கோப்புகள், எல்லாமே பள்ளி ஆண்டுவிழா உறைகளில் இருப்பவை, தமிழ்ப் பெயர்கள். அவற்றின் பெயரைச் சுருக்க எழுத்தர் அம்மாவிடமே கொடுத்தேன். திருத்திய அட்டையையும் காட்டினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம், “பழைய வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கும்?” என்றார். அதற்குக் கையேட்டில் பதில் இல்லை. பழைய சர்வர் மூன்று மாதம் படிக்க மட்டும் திறந்திருக்கும், யாரும் எழுத முடியாது, பிறகு அணைக்கப்படும், அணைக்கும் பொறுப்பு யாருடையது என்று ஒரு பக்கம் இப்போதுதான் எழுதிச் சேர்த்தேன்.

பழையதைப் பூட்டிப் புதியதைத் திறக்கும் ‘கட்ஓவர்’ என்பதற்கு மட்டும் இன்னும் இடம் விட்டிருக்கிறேன். ‘மாறும் இரவு’ என்று தற்காலிகமாக இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் நல்லது வந்தால் மாற்றுவேன்.

காட்பாடி

*

தம்பி, ‘மாறும் இரவு’ நன்றாகவே இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். குடியேற்றத்தை நான் ஏற்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். மேகத்தையும்தான். அடுத்த பதிப்புக்கு முன் கொண்மூவையாவது பரிசீலிக்க வேண்டும். கொள் என்பதுதான் அதன் அடி என்றும், நீரைக் கொண்டு வைத்திருப்பது என்பதே பொருள் என்றும் கருதுகிறேன். சேமிப்பகத்துக்கு அதுவே நேர்ச்சொல். சான்றுகளை எடுத்து வைத்திருக்கிறேன், நாளை தனியாக எழுதுகிறேன்.

ஆற்காடு