அம்பாசிடர் மார்க் 4 முன்சீட்: பழையதன் மேலேயே கவர் போடலாமா, பிரித்துத் தைக்கணுமா?

காவேரிப்பட்டணம் மார்க்4:
எல்லோருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆவதற்கு முன்பே அப்பா வாங்கிய வண்டி, 1986 மாடல். எஞ்சின், பாடி இரண்டும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன. சீட்தான் தொல்லை. முன்னால் ஒரே நீள சீட். டிரைவர் பக்கம் தையலோடு ரெக்சின் கிழிந்து உள்ளே தேங்காய் நார் தெரிகிறது. உட்கார்ந்தால் உடம்பு கதவுப் பக்கம் சரிகிறது. பின்சீட் கிழியவில்லை, விறைத்துப்போய் வெடிப்பு விட்டிருக்கிறது.

இங்கே ஒரு கடையில், பழைய ரெக்சின் மேலேயே ரெடிமேட் கவர் மாட்டித் தருகிறோம், அரை நாளில் முடியும் என்கிறார்கள். எனக்கு அந்தப் பழைய கோடு கோடான தையலும் ஓரத்தில் கயிறு மாதிரி வரும் பைப்பிங்கும் அப்படியே வேண்டும். என்ன செய்யலாம்?

பாலக்கோடு பத்மினி:
வேண்டாம் தம்பி. ரெடிமேட் எல்லாம் தனித்தனியாக இருக்கும் இரண்டு சீட்டுக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் வெட்டியது. நீள சீட்டில் மாட்டினால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கூடவே நகர்ந்து வரும். அதற்கு கலெக்டர் ஆபீஸ் வண்டி மாதிரி வெள்ளைத் துண்டு விரித்துவிட்டுப் போகலாம், துவைக்கவாவது முடியும்!

ஓசூர் குஷன்:
கவர் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சரிகிறது என்றால் கோளாறு ரெக்சினுக்கு அடியில். டார்ச் எடுத்து சீட்டுக்குக் கீழே பாருங்கள். தரையில் என்ன கொட்டிக் கிடக்கிறது?

காவேரிப்பட்டணம் மார்க்4:
பார்த்தேன் அண்ணா. துருப்பொடி, நார்த்தூள். ஒரு ஸ்பிரிங் உடைந்து தொங்குகிறது. சாக்குத்துணி மக்கிக் கிழிந்திருக்கிறது. மிதியடியைத் தூக்கினால் அடியில் ஈரம்.

ஓசூர் குஷன்:
சரி, இப்போது கதை புரிகிறது. முதலில் அந்த ஈரத்தைக் கவனியுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து, முன் கண்ணாடி ரப்பர் மேல் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். அடுத்து கதவு ரப்பர். எங்கே கசிகிறது என்று தெரிந்து அடைக்காமல் புது சீட் போட்டால், அடுத்த ஐப்பசி மழைக்கு அதுவும் நாறும்.

சீட்டை வெளியே எடுத்த பிறகுதான் வெல்டிங். வண்டிக்குள் வைத்து யாராவது பொறி பறக்கவிட்டால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். உடைந்த ஸ்பிரிங்கை மாற்றி, துருவைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு (துருத்தடுப்பு பெயின்ட்) அடித்து நன்றாகக் காயவிடணும். ஸ்பிரிங் மேல் கெட்டியான சாக்கு, அதன் மேல் நார் மெத்தை, அதற்கும் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச். இந்த வரிசை முக்கியம். சாக்கை விட்டுவிட்டு நேராக ஸ்பாஞ்ச் வைத்தால் ஸ்பிரிங் அதை அறுத்துக்கொண்டே இருக்கும். ஸ்பாஞ்ச் 40 டென்சிட்டி (அடர்த்தி) கேளுங்கள். விலை குறைந்தது கொஞ்ச காலத்தில் அமுங்கும், மேலே ரெக்சின் சுருங்கும். அப்போது தைத்தவரைத் திட்டிப் பயனில்லை.

பழைய உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்களுக்கு அளவு. பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்து, ஒவ்வொரு துண்டின் பின்புறமும் இடது, வலது, முன், பின் என்று எழுதுங்கள். அப்புறம் பிளேடால் தையலை மட்டும் அறுக்கணும். நைந்த இடம் நீண்டிருக்கும் என்பதால் டிரைவர் பக்கத் துண்டை நம்பாமல், பக்கத்து சீட் துண்டைத் திருப்பிப் போட்டு வெட்டச் சொல்லுங்கள்.

நூல் பாலியஸ்டர் அல்லது நைலான். பருத்தி நூல் வியர்வையிலும் ஈரத்திலும் மக்கிவிடும். நெருக்கித் தைத்தால் உறுதி என்று சிலர் நினைக்கிறார்கள். தபால்தலை ஓரத்து ஓட்டை மாதிரி ஆகி, அந்தக் கோட்டிலேயே கிழியும். தையலுக்குத் தையல் 4 மில்லிமீட்டராவது இருக்கட்டும். உங்கள் சீட் தையலோடு போனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பர்கூர் ஜவுளி:
வெயிலில் ரெக்சின் சுடும் அண்ணா. நடுவில் மட்டும் துணி வைத்தால் என்ன? எங்கள் ஊரில் துணிக்கா பஞ்சம்!

ஓசூர் குஷன்:
வைக்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் சட்டைத் துணி, திரைத் துணி எல்லாம் சீட் தேய்ப்பைத் தாங்காது. பின்னால் மெல்லிய ஸ்பாஞ்ச் ஒட்டி வரும் கார் சீட் துணி வேண்டும். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடுங்கள், ஓசூரிலிருந்து தூரமில்லை. பழைய தோற்றம் கேட்பவருக்குத் துணி ஒத்துவராது என்பது என் எண்ணம்.

பாலக்கோடு பத்மினி:
மாட்டுகிற அன்றைக்கு ரெக்சினை வெயிலில் அரை மணி நேரம் விரித்துப் போடுங்கள். இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் போகணும். ஒரு மூலையில் ஆரம்பித்தால் கோடுகள் எல்லாம் கோணும்.

காவேரிப்பட்டணம் மார்க்4:
ரொம்ப நன்றி. கசிவு முன் கண்ணாடியின் இடது கீழ் மூலையில், ரப்பர் விறைத்திருக்கிறது. முதலில் அதை மாற்றுகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: இப்போதைக்கு முன்சீட்டை மட்டும் செய்துவிட்டு, பின்சீட்டைப் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

ஓசூர் குஷன்:
வேலையைத் தள்ளிப்போடலாம், ரெக்சினை இப்போதே இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரோலில் வாங்கிவிடுங்கள். அடுத்த ரோலில் நிறம் கொஞ்சம் மாறி வரும். அகலம் பெரும்பாலும் 54 அங்குலம். பிரித்த துண்டுகளைத் தரையில் அந்த அகலத்துக்குள் அடுக்கிப் பார்த்தால் எத்தனை மீட்டர் என்று தெரிந்துவிடும், கூட அரை மீட்டர் எடுங்கள். மீதியை மடிக்காமல் சுருட்டி வையுங்கள், மடித்த கோடு போகவே போகாது.