‘ஃபயர் டோர்’: தீத்தடுப்புக் கதவா, தீத்தாங்கு கதவா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தங்கும் விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கான தீப்பாதுகாப்புக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்கள், இரவுக் காவலர், வரவேற்பு மேசையில் இருப்பவர் ஆகியோர்தாம் அதைப் படிக்கப் போகிறவர்கள். அலாரம், ஸ்பிரிங்க்ளர் போன்ற சொற்களை அப்படியே விட்டுவிட்டேன். அவை அவர்கள் நாவில் ஏற்கெனவே புழங்குகின்றன. ‘ஃபயர் டோர்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் அமையாமல்தான் மூன்று வாரமாக நிற்கிறேன். சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய நான்கு பரிந்துரைகளையும் கையேட்டின் வாக்கியங்களுக்குள் வைத்துப் படித்துப் பார்த்தேன். அதன் முடிவை எழுதுகிறேன்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நடைவழியிலிருந்து படிக்கட்டுக்குள் நுழையும் இடத்தில், மின்தூக்கியின் முகப்பில், சமையலறை வாயிலில் இருக்கும் கனத்த கதவு இது. கதவு, நிலை, கீல், பூட்டு எல்லாவற்றையும் சேர்த்தே உலையில் வைத்துச் சோதிக்கிறார்கள். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இது போன்ற கதவுகள் தீயைத் தாங்கி நிற்க வேண்டும் என்று கேட்பது 120 நிமிடம். படிக்கட்டு என்பது தீக்காலத்தில் ஒரு புகைபோக்கி. கீழே எரிவதை மேலே இழுத்துக்கொண்டு போகும். அதன் வாயை அடைத்து வைப்பது இந்தக் கதவு. ஓரங்களில் பதித்திருக்கும் பட்டை சூடேறியதும் பொங்கி, கதவுக்கும் நிலைக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைத்துவிடும். திறந்தவர் கையை எடுத்ததும் கதவு தானே மூடிக்கொள்ள வேண்டும். மூடாத கதவு எத்தனை நிமிடச் சான்றிதழ் வாங்கியிருந்தாலும் அந்த இடத்தில் வெறும் ஓட்டைதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு விடுதியில் மூன்றாம் மாடிப் படிக்கட்டுக் கதவைத் தீயணைப்பு உருளையால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்த மாடியில் வேலை செய்யும் அம்மாவிடம் கேட்டேன். வாளியும் துணிமூட்டையுமாகப் போய்வரும்போதெல்லாம் கதவு முதுகில் இடிக்கிறது என்றார். அது எதற்கான கதவு என்று கேட்டதற்கு, தீப்பிடித்தால் ஓடித் தப்புவதற்கான கதவு, திறந்திருந்தால் நல்லதுதானே என்றார். கதவின் மீதிருந்த பலகை ஆங்கிலத்தில் இருந்தது. அந்தக் கதவின் வேலையை அவருக்கு யாரும் சொன்னதே இல்லை. நாம் வைக்கும் பெயர் அதைச் சொல்ல வேண்டும். என் அளவுகோல் இது ஒன்றுதான்.

இந்த அளவுகோலில் ‘தீக்கதவு’ முதலில் விழுந்துவிடுகிறது. அந்த அம்மா புரிந்துகொண்டதைத்தான் அந்தச் சொல்லும் சொல்கிறது. தப்பிக்கும் வழியின் கதவும் தீயைத் தாங்கும் கதவும் பல விடுதிகளில் ஒன்றாகவே அமைவதால் குழப்பம் இன்னும் கூடும்.

‘அனற்கதவு’ புணர்ச்சி இலக்கணப்படி அழகான சொல். அனுப்பியவர் மன்னிக்க வேண்டும்; கவிதைக்கு வைத்துக்கொள்ளலாம், கதவில் ஒட்ட முடியாது.

‘தீத்தடுப்புக் கதவு’ பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குள்ள தயக்கம், ‘தடுப்பு’ என்றால் வருமுன் காப்பது என்ற பொருள் தமிழில் ஊறிவிட்டது என்பதுதான். நோய்த்தடுப்பு, ஊழல் தடுப்பு எல்லாம் அப்படித்தான். தீ பற்றாமல் பார்த்துக்கொள்வதற்கு ‘தீத்தடுப்பு’ என்றே எழுதுகிறோம். இந்தக் கதவோ தீ பற்றிய பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறது.

‘தீப்புகாக் கதவு’ என்பதை நான் உறுதியாக மறுக்கிறேன். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1913இல் திறக்கப்பட்ட வைன்காஃப் ஹோட்டல், தன்னைத் தீப்பற்றாத கட்டடம் என்று சொல்லியே விளம்பரம் செய்துகொண்டது. பதினைந்து மாடிகளுக்கு ஒரே படிக்கட்டு. ஸ்பிரிங்க்ளர் இல்லை, தீயைத் தாங்கும் கதவுகள் இல்லை. 1946 டிசம்பர் 7 அதிகாலையில் தீப்பிடித்தபோது 119 பேர் இறந்தார்கள். இரும்புச் சட்டகம் அசையவில்லை. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது, அதில் ஹோட்டலும் நடக்கிறது. கட்டடம் எரியாது என்பது உண்மையாகவே இருந்திருக்கிறது. உள்ளே இருந்த மரம், திரைச்சீலை, மெத்தை, மனிதர்கள் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை. ‘புகா’ என்று எதிர்மறையில் முடியும் சொல் எல்லையற்ற வாக்குறுதி தருகிறது. எந்தக் கதவாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

என் பரிந்துரை ‘புகைமறி கதவு’. புகையை மறிக்கும் கதவு. வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது. சாலைமறியல், ரயில்மறியல் என்று கேட்டுப் பழகிய செவிக்கு ‘மறி’ அந்நியமாகாது. 1980 நவம்பர் 21 அன்று லாஸ் வேகாஸ் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலில் 85 பேர் இறந்தார்கள். தீ எரிந்தது கீழே, சூதாட்டக் கூடத்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும். இறந்தவர்களில் பெரும்பாலோர் பல மாடிகளுக்கு மேலே, நெருப்பையே பார்க்காமல், மின்தூக்கிக் கூண்டுகளிலும் படிக்கட்டுகளிலும் ஏறி வந்த புகையில் மூச்சடைத்து இறந்தவர்கள். ஆளைக் கொல்வது புகை என்றால் பெயரிலும் புகை இருக்கட்டும் என்று நினைத்தேன். திறந்து கிடக்கும் கதவு எதையும் மறிக்காது என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விதித்தொகுப்பில் ‘ஹோட்டல்’ என்றால் தங்கும் இடம். குடியிருப்பு வகையில் வருகிறது. நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. அதை ‘உணவகம்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் விதி முழுவதும் வேறு கட்டடத்துக்குப் போய்விடும். கையேட்டில் ‘தங்கும் விடுதி’ என்றே எழுதுகிறேன்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

* * *

அம்மா, வணக்கம்.

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். புகையைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் ‘புகைமறி கதவு’ என்ற சொல்லை வேறொன்றுக்கு வைத்திருக்க வேண்டும். நீண்ட நடைவழிகளை நடுவில் பிரித்துப் புகையை மட்டும் நிறுத்துவதற்கென்றே கதவுகள் உண்டு. அவை இரண்டு மணி நேரத் தீயைத் தாங்கப் பிறந்தவை அல்ல. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒப்பந்தக்காரர் மலிவான கதவை மாட்டிவிட்டு, கேட்ட கதவைத்தான் மாட்டியிருக்கிறேன் என்பார். அதை ஆய்வுக்குப் போகிறவரால் மறுக்க முடியாது.

‘தீத்தாங்கு கதவு’ என்று வைத்துப் பாருங்கள். தாங்குதல் என்றாலே அதற்கு ஓர் அளவு உண்டு. எடை தாங்கும் கயிற்றைப் பார்த்தால் எத்தனை கிலோ என்று கேட்போம். இந்தக் கதவைப் பார்ப்பவரும் எத்தனை நிமிடம் என்று கேட்பார். அந்த அளவுக்குத் ‘தாங்குநேரம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்: தாங்குநேரம் 120 நிமிடம்.

* * *

ஐயா, வணக்கம்.

இரண்டு நாள் யோசித்தேன். நீங்கள் சொல்வதுதான் சரி. என் சொல்லில் எனக்கு மிகுந்த பற்று இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் மலிவான கதவை மாட்ட இடம் கொடுக்கும் சொல்லை நான் முன்வைக்கக் கூடாது. ‘தாங்கு’ என்ற வினையில் எல்லை அடங்கியிருப்பதை நான் பார்க்கவே இல்லை. வைன்காஃப் விளம்பரத்தில் இல்லாத நேர்மை இந்தச் சொல்லில் இருக்கிறது.

கையேட்டில் இனி ‘தீத்தாங்கு கதவு’, ‘தாங்குநேரம்’. நடைவழிக் கதவுக்குப் ‘புகைமறி கதவு’. பெயரைப் பார்த்ததும் மூடத் தோன்ற வேண்டும் என்ற என் கவலை தீரவில்லை; அந்த வேலையைப் பலகைக்குக் கொடுத்துவிட்டேன். “தீத்தாங்கு கதவு. புகை மாடிக்கு ஏறாமல் காப்பது. மூடியே இருக்கட்டும், முட்டுக் கொடுக்காதீர்கள்.” கண் மட்டத்தில், கதவின் இரு பக்கமும்.

அந்த அம்மாவின் முதுகுவலிக்குப் பலகை மருந்தாகாது. அலாரத்தோடு இணைத்த காந்தம் ஒன்று கதவைத் திறந்தபடி பிடித்திருக்கும். அலாரம் ஒலித்தாலோ மின்சாரம் நின்றாலோ பிடியை விட்டுவிடும், கதவு தானே மூடிக்கொள்ளும். ஆட்கள் அடிக்கடி போய்வரும் மாடிகளில் அதைப் பொருத்தச் சொல்லிக் கையேட்டில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அதற்கு ‘விடுகாந்தம்’ என்று எழுதியிருக்கிறேன். ‘பிடிகாந்தம்’ என்றால் பிடித்துவைப்பதை மட்டும் சொல்வதாகிவிடும். நமக்கு வேண்டியது அது விடும் நேரம். இதற்கு மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.