ஃபியட்டின் அடிவயிறு: தார் அடிப்பதா, தகடு மாற்றுவதா?

அடையாறு_1100

வண்டி 1970 ஃபியட் 1100 டிலைட், அப்பா வாங்கியது. நிற்பது பெசன்ட் நகரில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி. போன வாரம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். டிரைவர் காலடியில் ஃப்ளோர் பொருக்குத் தட்டியிருக்கிறது. இடது பக்கம் ஜாக் வைக்கிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் லேசாகத்தான் குத்தினேன், கைப்பிடி வரைக்கும் போய்விட்டது. வெளியே இழுத்தால் தேயிலைத் தூள் மாதிரி துரு கொட்டுகிறது.

இரண்டு பட்டறையில் கேட்டேன். முதலாமவர்: கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே தார் கோட்டிங். மூன்று நாள், 14,000 ரூபாய். இரண்டாமவர்: பழைய தாரை முழுக்கச் சுரண்டி, கெட்ட தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெல்டிங், எபாக்சி ப்ரைமர், அதன்மேல் பெயிண்ட். இரண்டு மாதம், ஒரு லட்சத்துக்குக் குறையாது. வண்டி வருஷத்துக்கு 600 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். என்ன செய்யலாம்?

டிங்கர்_மகன்

சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்காதீர்கள் சார். எங்கப்பா கோவையில் 40 வருஷம் டிங்கரிங் பார்த்தவர். பழைய வண்டியின் அடியைக் கிளற ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது என்பார். ஓர் ஓட்டையை வெட்டுவார்கள். வெல்டிங் பிடிக்கப் பக்கத்தில் நல்ல தகடு இருக்காது. இன்னும் நாலு விரல் வெட்டுவார்கள், அங்கேயும் இருக்காது. கடைசியில் கதவு சாத்தாது. பிரித்துப் போட்டபடி பட்டறை மூலையில் கோழி அடைகிற ஃபியட்கள் எத்தனை வேண்டும் உங்களுக்கு?

ஒட்டிப் பிடித்திருக்கிற தார் அப்படியே இருக்கட்டும். ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் ஒரு தகட்டை மேலே வைத்துப் பற்றவைத்து, தார் அடித்துவிடுங்கள். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடியில் ஸ்ப்ரே. உங்கள் பேரன் ஓட்டுவான்.

நட்டு_போல்ட்டு

பேரன் ஓட்டுவான், கால் ரோட்டில் உரச உரச.

2015 டிசம்பர் வெள்ளத்தில் என் அம்பாசடர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதற்கு முந்தின வருஷம்தான் தார் அடித்திருந்தேன். தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் அடி கன்னங்கரேல் என்று பளபளக்கிறது, நிம்மதியாகிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் பின்சீட்டுக்குக் கீழே தாரின் ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்ததை நகத்தால் நெம்பினேன். அப்பளம் மாதிரி ஒரு முழத்துக்குக் கழன்று வந்தது, தகட்டோடு. கையில் இருந்த தார்த்துண்டின் உட்பக்கத்தில் ஃப்ளோரின் வரிகள் அச்சு எடுத்த மாதிரி பதிந்திருந்தன. ஃப்ளோர்தான் இல்லை.

தார் காயக் காய வெடிக்கும். மயிரிழை வெடிப்பு போதும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி தெரியாது. அதோடு பட்டறைப் பையன்கள் தண்ணீர் வடிகிற ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிடுவார்கள். சில்லுக்குள், அதாவது கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற பெட்டித் தகட்டுக்குள், இறங்கிய மழைத்தண்ணீர் அங்கேயே குடியிருக்கும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இரண்டு தகட்டுக்கு நடுவில் அது வளர்ந்தால் ஸ்பாட் வெல்டிங்கையே பிளந்துவிடும். தகட்டின் மேல் தகடு ஒட்டச் சொல்கிறீர்களே, துருவுக்கு அது மெத்தை போட்ட வீடு.

பழைய ஆயில் பிரேக் ஹோஸிலும் ரப்பர் புஷ்ஷிலும் பட்டால் என்ன ஆகும் என்று அப்பாவைக் கேட்டீர்களா?

டிங்கர்_மகன்

கேட்டிருக்கிறேன். அந்த இடங்களில் துணி சுற்றிவிட்டுத்தான் அடிப்பார். துருவின் மேலேயே தார் அடித்தவன் தப்புக்குத் தார் என்ன செய்யும்? சுத்தமான தகட்டில் அடித்திருந்தால் உங்களுக்கு இந்தக் கதையே கிடையாது.

நீங்கள் கொண்டாடுகிற எபாக்சியும் சாமி கொடுத்த வரம் இல்லை. கண்ணாடி மாதிரி இறுகும். ஈசிஆரில் ஒரு ஜல்லி தெறித்தால் சின்னத் துணுக்கு பெயரும், அந்தப் புள்ளியில் துரு ஆரம்பிக்கும். தார் மெத்தென்று இருப்பதால் கல்லடியைத் தாங்கும். 

நட்டு_போல்ட்டு

கல்லடி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மட்கார்டுக்குள் மட்டும் எபாக்சிக்கு மேலே ரப்பர் கோட்டிங் அடிக்கலாம். வெறும் துருவின் மேல் இல்லை, அவ்வளவுதான் என் சண்டை.

ஹெரால்டு_68

இரண்டு பேரும் வண்டியை மறந்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். நம்ம சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்த ஹெரால்டு காருக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு. பாடியை போல்ட் கழற்றித் தூக்கி வைத்துவிட்டு சேஸிஸைத் தனியாகப் பார்க்கலாம். ஃப்ளோர் போனால் கால் நனையும், அவ்வளவுதான். ஃபியட் அப்படி இல்லை. அதற்குச் சேஸிஸே கிடையாது. ஃப்ளோரும் இரண்டு பக்கச் சில்லும் பெட்டியாகச் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. அடையாறு தம்பிக்கு ஸ்க்ரூடிரைவர் இறங்கியது தோலில் இல்லை, எலும்பில். அங்கே 14,000 ரூபாய் தார் வைத்தியம் வேண்டாம். அதே மாதிரி, டிக்கி ஃப்ளோரில் மேலோட்டமாகப் புள்ளி புள்ளியாக இருக்கிற துருவுக்கு வெட்டும் வெல்டிங்கும் வேண்டாம்.

ஒரு சுத்தியலின் மரப்பிடியால் அடி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு டங் என்னும், கெட்டது டப் என்னும். சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அப்புறம் பேசலாம்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி பற்றவைக்காமல் சில்லில் கை வைக்க விடாதீர்கள். வண்டி அதன் சொந்த எடையில் சமமாக நிற்க வேண்டும், நடுவில் ஜாக் கொடுத்து இல்லை. டிங்கர்_மகன் சொன்ன ‘கதவு சாத்தாது’ கதை இதைச் செய்யாததால் வருவது.

சட்டப்புள்ளி

ஒரு குறுக்குக் கேள்வி. 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம், 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. ஆனால் சேஸிஸ், பாடி ஷெல், என்ஜினில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. வெட்டி ஒட்டினால் அது மாற்றமா?

ஹெரால்டு_68

அதே வடிவத்தில், அதே இடத்தில் தகடு போடுவது ரிப்பேர் என்பது என் கருத்து. ஆனால் தகட்டில் சேஸிஸ் நம்பர் அடித்த பகுதியில் கிரைண்டர் படவே கூடாது. வெட்டும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைக்கட்டும். ஆனால் விண்டேஜ் பதிவு வாங்கினால் தினசரி ஓட்டமெல்லாம் கிடையாது, ரேலி, கண்காட்சி, பெட்ரோல் போடப் போவது என்று கணக்கு. ஞாயிறு காலை இட்லி சாப்பிடப் போகிற வண்டிக்கு அது எதற்கு?

பெயிண்ட்_டப்பா

பெயிண்ட் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். வெறும் கம்பி பிரஷ் துருவைப் பாலிஷ் போடும், குழிக்குள் இருப்பதை எடுக்காது. நல்ல தகட்டில் குழித்துரு மட்டும் என்றால் பாஸ்பாரிக் ஆசிட் சேர்ந்த துரு மாற்றி தடவுங்கள். டப்பாவில் கழுவச் சொல்லியிருந்தால் கழுவி, துடைத்து, ஹாட் ஏர் கன்னால் காய வையுங்கள். ஈரத்தின் மேல் எபாக்சி நிற்காது. பெசன்ட் நகர் காற்றில் வெறும் தகட்டை ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கும். சுரண்டிய பகுதிக்கு அன்றைக்கே ப்ரைமர். முழு அடியையும் ஒரே நாளில் சுரண்டாதீர்கள், ஒரு முறத்தளவு இடம் சுரண்டு, அடி, அடுத்ததற்குப் போ.

ப்ரைமருக்கு அப்புறம் இணைப்புகளில் சீலர், அப்புறம் பெயிண்ட். சில்லுக்குள் பெயிண்ட் கன் போகாது. வெல்டிங் எல்லாம் முடிந்தபின் நீளக் குழாய் வைத்து மெழுகு ஸ்ப்ரே. பள்ளம் நிரப்புகிற பட்டியை மட்டும் அடியில் சேர்க்காதீர்கள், பஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும்.

கலர்? எல்லாரும் கறுப்பு என்பார்கள். நான் வெளிர் சாம்பல் அடிப்பேன். கறுப்பில் புதுத் துரு தெரியாது, சாம்பலில் அரிசி அளவு இருந்தாலும் கண்ணில் படும்.

டிங்கர்_மகன்

இதையெல்லாம் செய்து முடிக்கும்போது வண்டியின் விலையைவிட அடியின் விலை ஜாஸ்தி. இன்னொன்று: 20 கேஜ் தகடு, தடிமன் சுமார் 0.9 மில்லிமீட்டர். விளிம்போடு விளிம்பு வைத்து கேஸ் வெல்டிங் பிடித்தால் முறுக்கு மாதிரி வளையும். அதனால்தான் மேலே வைத்து ஒட்டுகிறோம், சோம்பலால் இல்லை.

நட்டு_போல்ட்டு

கேஸ் யார் பிடிக்கச் சொன்னார்கள்? சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) வெல்டிங், 0.8 மில்லிமீட்டர் கம்பி. இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, தொட்டுப் பார்த்தால் கை பொறுக்கும் வரை காத்திருந்து அடுத்தது. நடு ஃப்ளோரில் வேண்டுமானால் மேலே வைத்தே ஒட்டட்டும், இரண்டு பக்கமும் சீலர் போட்டால் போதும். சில்லில் மட்டும் கூடாது.

அடையாறு_1100

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை மரப்பிடியும் சாக்பீஸுமாக அடியில் படுத்தேன். கண்ணில் விழுந்த துருவை எடுக்கவே அரை மணி நேரம். மொத்தம் ஏழு வட்டம். ஐந்து இடது பக்கம், சில்லிலும் அதை ஒட்டியும். கார்ப்பெட்டைத் தூக்கியபோது காரணம் தெரிந்தது: முன் கண்ணாடி ரப்பர் வழியாக வருஷக்கணக்கில் தண்ணீர் ஒழுகி அந்த மூலையில் தேங்கியிருக்கிறது. டிக்கி ஃப்ளோர் முழுக்க டங்.

இரண்டாமவரிடமே போகிறேன், ஆனால் அவர் சொன்ன முழு வேலைக்கு இல்லை. இடது சில், ஜாக் பாயிண்ட், டிரைவர் ஃப்ளோர் மூன்றும் தகடு மாற்றம். மற்ற இடம் சுரண்டி, எபாக்சி, சாம்பல் பெயிண்ட். மட்கார்டுக்குள் ரப்பர். முதலில் கண்ணாடி ரப்பர் மாற்றுகிறேன். 68,000 என்றார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

டிங்கர்_மகன்

வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றச் சொல்லுங்கள். ‘டேங்க் காலிதானே’ என்பார்கள். காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே ஆவி நிற்கும். அதில் மட்டும் நம்பிக்கை வைக்காதீர்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஐப்பசிக்கு முன்னால் டீசல் ஸ்ப்ரே பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

அடையாறு_1100

டேங்க் நேற்றே கழற்றியாச்சு. டேங்கைத் தாங்கும் பட்டையின் போல்ட் ஒன்று முறிந்துவிட்டது. அந்த அளவில் யாரிடமாவது இருக்கிறதா?