நோர்வேயின் 'ராப்' டார்பிடோ படகு (1873): இழுவைக் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கும்?

நண்பர்களே, 1:32 அளவில் 'ராப்' மாடல் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

லண்டன் சிஸ்விக்கில் தார்னிகிராஃப்ட் என்ற படகு கட்டும் நிறுவனம் நோர்வே கடற்படைக்காகக் கட்டிய நீராவிப் படகு அது. வேகம் கிட்டத்தட்ட 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்); அந்தக் காலத்துக்கு அது பெரிய வேகம். நீருக்கடியில் தானாக ஓடிப்போய் வெடிக்கும் வைட்ஹெட் டார்பிடோ 1879-இல்தான் அதில் ஏறியது. அதற்கு முன் யோசித்திருந்தது, கயிற்றில் கட்டிப் பக்கவாட்டில் இழுத்துப்போய் எதிரிக் கப்பலில் மோதவிட்டு வெடிக்கவைக்கும் டார்பிடோ. எனக்கு வேண்டியது அந்த 1873 தோற்றம்தான்.

உடல், புகைபோக்கி, கொதிகலன் அறை மூடி எல்லாம் தயார். நோர்வேயின் ஹோர்ட்டன் கடற்படை அருங்காட்சியகத்தில் அசல் படகே இருக்கிறது. பார்வையாளர்கள் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கயிற்றுக்கான அமைப்பு எதுவும் தெரியவில்லை. அப்புறம் இணையத்தில் ஒரு வரைபடம் வாங்கினேன். பிரித்தால், அது 1876-இல் பிரிட்டனுக்குக் கட்டிய 'லைட்னிங்'. அதைவிடப் பெரிய படகு, இதற்கு உதவாது. இழுவைக் கயிற்றைக் கட்ட ஒரு கம்பத்தைத் தோராயமாக நட்டுப் பார்த்தேன். கயிறு புகைபோக்கியில் உரசுகிறது. மனம் ஒப்பாமல் பிடுங்கிவிட்டேன்.

1873 அமைப்பில் இழுவைக் கயிறு புகைபோக்கியிலேயே கட்டப்பட்டதா, தனிக் கம்பத்திலா?