சாண்டலின் வகுப்பைத் திரையில் ஓடவிட்டால் போதுமா?

ஆதிரை:
ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் பெயர் வந்தாலே இங்கே எல்லாரும் புகழ்ந்து தள்ளுகிறார்கள், தத்துவத்தை மக்களிடம் கொண்டுவந்தவர் என்று. சரி, 2013-ல் நடந்ததையும் கொஞ்சம் பேசுவோம். ஹார்வர்டில் 1980-லிருந்து அவர் எடுத்துவந்த 'நீதி' பாடத்தை அந்த வருடம் எட்எக்ஸ் தளம் இணையப் பாடமாக்கியது. அதை வகுப்பில் பயன்படுத்தச் சொல்லி கலிஃபோர்னியாவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகத் தத்துவத் துறைக்கு நிர்வாகத்திடமிருந்து நெருக்கடி வந்தது. ஆசிரியர்கள் முடியாது என்று சொன்னதோடு நிற்காமல், ஏப்ரல் கடைசியில் சாண்டலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். துறைகள் காலியாகும், உள்ளூர்ப் பேராசிரியர் வெறும் உதவியாளர் ஆகிவிடுவார் என்பது ஒரு பக்கம். இன்னொன்றையும் கேட்டிருந்தார்கள்: பல இன, பல மொழிக் குடும்பங்களிலிருந்து வரும் எங்கள் மாணவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்களான, வசதியான ஹார்வர்டு பிள்ளைகள் பேசுவதைப் பார்த்துத்தான் நீதி என்றால் என்ன என்று கற்க வேண்டுமா?

அந்த முதல் வகுப்பை மறுபடி பாருங்கள். பிரேக் பிடிக்காத டிராம், நேரே போனால் ஐந்து தொழிலாளர்கள் சாவார்கள், திருப்பினால் ஒருவர். கையைத் தூக்கச் சொல்கிறார். ஒரு மாணவர் பதில் சொன்னதும் "உன் பெயர் என்ன?" என்று கேட்டு, அந்தப் பதிலை அடுத்தவர் முன்னால் வைத்து, இப்போது நீ என்ன சொல்கிறாய் என்கிறார். அந்த வகுப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. திரைக்கு இந்தப் பக்கம் சான் ஹோசேயில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயரை யார் கேட்பார்கள்?

வழிப்போக்கன்:
ஆதிரை, நீங்கள் சொல்வது தத்துவத் துறை இருக்கும் இடத்துக்குப் பொருந்தும். நான் சேலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தவன், அங்கே தத்துவம் என்ற சொல்லையே யாரும் உச்சரித்ததில்லை. 2009-ல் அந்த வகுப்புகள் இலவசமாக வெளிவந்த காணொளி வரிசையை ஹாஸ்டல் அறையில் ஒரே மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேர் பார்த்தோம். நடுக்கடலில் படகில் பட்டினி கிடந்த ஆங்கிலேய மாலுமிகள் கூட இருந்த சின்னப் பையனைக் கொன்று தின்ற 1884 வழக்கு வரும், ஞாபகம் இருக்கா? யார் சாவது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால் சரியாகிவிடுமா என்று அவர் கேட்டதும் நாங்கள் காணொளியை நிறுத்திவிட்டு விடிய விடியச் சண்டை போட்டோம். எங்களுக்கு வேறு யார் அதைக் கொடுத்திருப்பார்கள்? ஒரு ஆசிரியர் தன் வகுப்பைத் திறந்துவிட்டதற்கு அவரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லை. சக ஆசிரியர்களைப் பலவீனப்படுத்த என் பாடம் பயன்படுவதை நான் விரும்பவில்லை என்று அவரும் பதில் சொல்லிவிட்டார். கோபம் நிர்வாகத்தின் மேல் அல்லவா போக வேண்டும்?

ஆதிரை:
நீங்கள் நாலு பேரும் நிறுத்திவிட்டுச் சண்டை போட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் நான் வகுப்பு என்கிறேன். அந்தச் சண்டையை மூட்டி நடத்தத் தெரிந்த ஆள்தான் சம்பளம் வாங்கும் ஆசிரியர். நிர்வாகம் தூக்கப் பார்த்தது அந்த ஆளை. விரும்பவில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. சந்தை எங்கெல்லாம் நுழையக்கூடாது என்று ஊர் ஊராகப் பேசுகிறவர், தன் பாடம் எந்தக் கணக்கில் யார் கைக்குப் போகிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். அதே பல்கலைக்கழகம் அதே வருடம் ஜனவரியில் யுடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து அடிப்படைக் கணக்கு உள்ளிட்ட பாடங்களை இணையத்தில் நடத்தியது. பாதிக்கு மேல் இறுதித் தேர்வில் தேறவில்லை, ஜூலையில் நிறுத்தி வைத்தார்கள். யார் தலையில் விடிந்தது? ஏழைப் பிள்ளைகள் தலையில்.

வழிப்போக்கன்:
பாதிக் கதையைச் சொல்லாதீர்கள். அதில் பலர் ஏற்கெனவே அந்தக் கணக்கில் தோற்றவர்கள். அதற்கு முந்தைய பருவத்தில் அங்கேயே மின்சுற்றுப் பாடத்தை எட்எக்ஸ் காணொளியோடு சேர்த்து நடத்தினார்கள், தேர்ச்சி நன்றாகவே கூடியது.

ஆதிரை:
கூடியது, ஏனென்றால் மாணவர்கள் வீட்டில் காணொளி பார்த்துவிட்டு வந்தார்கள், வகுப்பில் ஆசிரியர் கூடவே நின்று கணக்குப் போடவைத்தார். ஆள் இருந்தார் அங்கே.

தறிக்காரர்:
இரண்டு பேரும் வகுப்பறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறீர்கள். தத்துவவாதி பொதுவாழ்க்கைக்கு வருவது என்றால் எனக்கு நினைவுக்கு வருவது மேரி வார்னாக். ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்தவர், நடுவில் 1966 முதல் 1972 வரை பெண்கள் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியை. 1978-ல் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த பிறகு, கருவை ஆய்வகத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று பிரிட்டனுக்கே தெரியவில்லை. 1982-ல் அதற்கு ஒரு அரசுக் குழு, அதற்கு இவர் தலைவர். மருத்துவர்கள், வழக்கறிஞர், மதம் சார்ந்தவர்கள், சமூகப் பணியாளர் என்று ஒத்தே போகாத ஆட்களோடு உட்கார்ந்து இரண்டு வருடம் பேசி, 14 நாளுக்கு மேல் கருவை வளர்த்து ஆராயக்கூடாது என்று ஒரு கோடு போட்டார். 1990-ல் சட்டமே ஆயிற்று. ஆயிரம் பேர் அரங்கில் கைதட்டுவதை விட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, எதிரே உட்கார்ந்தவர் "இல்லை" என்று சொல்ல முடிந்ததே, அதற்காக.

வழிப்போக்கன்:
ஆனால் அந்த 14 எங்கிருந்து வந்தது? 13 ஏன் இல்லை, 15 ஏன் இல்லை? குழுவிலேயே சிலர் கருவில் ஆய்வே கூடாது என்று மாற்றுக் கருத்தை அறிக்கையில் எழுதி வைத்தார்கள். தத்துவம் பேரம் பேசிப் படிந்த மாதிரி எனக்குத் தோன்றுகிறது. 2016-ல் ஆய்வகங்கள் கருவைப் பதின்மூன்று நாள்வரை வளர்த்துவிட்டன, 2021-ல் ஸ்டெம்செல் ஆய்வாளர்களின் சர்வதேச அமைப்பு தன் வழிகாட்டுதலில் அந்தத் தடையைத் தளர்த்தியும் விட்டது.

தறிக்காரர்:
எண் ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஏறக்குறைய அந்த நாளில்தான் கருவில் முதுகெலும்பு அமையப்போகும் கோடு தெரியத் தொடங்கும், அதற்கு முன் அது இரட்டையாகப் பிரியவும் வாய்ப்பு உண்டு. கருவில் அந்தக் கோடு கொஞ்சம் முன்னே பின்னே வரலாம், சட்டத்துக்கு எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். நாளை எவரும் எண்ணலாம். மாற்றுக் கருத்தை மறைக்காமல் அதே அறிக்கையில் அச்சிட்டார்களே, அதைப் பேரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு அந்தக் கோட்டை நகர்த்த வேண்டும் என்கிறவர்களும் வார்னாக் போட்ட இடத்திலிருந்துதான் வாதத்தைத் தொடங்குகிறார்கள்.

வழிப்போக்கன்:
சரி, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குழுவில் உட்கார எத்தனை பேருக்கு அழைப்பு வரும்? எங்கள் ஊர்ப் பையனுக்கு இன்றும் கைக்கு எட்டுவது அந்தக் காணொளிதான், அதை அனுப்புவதை நான் நிறுத்தப்போவதில்லை. பார்த்து முடித்ததும் பேச ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

ஆதிரை:
அனுப்புங்கள், யார் வேண்டாம் என்றது? பக்கத்தில் இருக்கும் அந்த ஒருவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? சான் ஹோசே ஆசிரியர்கள் கேட்டதும் இதைத்தான். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவர்களைக் குறை சொல்கிற எவரும் அதற்குப் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை.