ராணுவ ஆர்மரரிடம் சொந்தத் துப்பாக்கியைக் கொடுக்கலாமா? எங்கள் அனுபவங்கள்

அப்பா விட்டுப்போன .308 தோட்டா போடும் போல்ட் ரைபிள் அது; ஒவ்வொரு முறையும் போல்ட் என்ற பூட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். ட்ரிகரை இழுப்பது ரொம்பக் கனம். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பராமரிப்பவராக, பணியில் இருக்கும் நண்பர், "கொண்டு வாங்க, ஒரு மணி நேர வேலைதான்" என்றார். பத்து வருஷமாக ராணுவத்தின் எம்4 ரைபிள்களைக் கழற்றி மாட்டுகிறவர். நான் யோசிக்கவே இல்லை.

திரும்பி வந்தபோது ட்ரிகர் பட்டுப் போல இருந்தது. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, போல்ட்டை வேகமாகத் தள்ளி மூடினேன். ட்ரிகரில் விரலே இல்லை. தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின் 'டிக்' என்று விழுந்தது. மறுபடி மூடினேன், மறுபடியும் அதே சத்தம். உள்ளே ஒரு தோட்டா இருந்திருந்தால் என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

துப்பாக்கிப் பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவர் பிரித்துக் காட்டினார். ட்ரிகரை இழுக்கும்வரை ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் பாகம் சியர். அதன் முனை கல்லில் தேய்க்கப்பட்டு மழுங்கியிருந்தது. அதில் கடினப்படுத்திய உலோகம் மேலே ஒரு மெல்லிய தோல்தான். அது போய்விட்டால் பிடிமானம் நிற்காது. ட்ரிகரை மொத்தமாக மாற்ற வேண்டியதாயிற்று.

நண்பர் ஏமாற்றவில்லை, அலட்சியக்காரரும் இல்லை. அவர் படையில் செய்வது வேறு வேலை: தேய்ந்த பாகத்தை எடுப்பது, அதே அளவில் வரும் புதுப் பாகத்தைப் போடுவது, கேஜ் (அளவுமானி) வைத்துப் பார்ப்பது. அதற்கு மேல் பழுது என்றால் பெரிய பணிமனைக்கு அனுப்பிவிடுவார்கள். பத்து வருஷத்தில் ஒரு சியரைக்கூட அவர் அரவியதில்லை. அதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

* * *

மேலே உள்ளவரின் அனுபவத்தைப் படிக்கும்போதே மனசு பதறியது. எனக்கு வாய்த்தவர் ஓய்வு பெற்ற ஆர்மரர். என் ஏஆர்-15 ரைபிளில் சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே வராமல் சிக்கியது. உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங்கை மாற்றினார். வெடிவாயுவை வாங்கும் சிறு குழாயான கேஸ் கீயின் திருகுகள் தளர்ந்திருப்பதையும் அவரே கண்டுபிடித்து, டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்கி, திரும்பக் கழலாதபடி ஓரத்து உலோகத்தைத் தட்டி நசுக்கி ஸ்டேக் அடித்தார். ராணுவ எம்16 குடும்பத்துத் துப்பாக்கிதானே, கண்ணை மூடிக்கொண்டு செய்வார் போலிருந்தது.

சரி, இதையும் பாருங்கள் என்று என் .308 வேட்டை ரைபிளை நீட்டினேன். வாங்கவில்லை. "என்னிடம் இருப்பது 7.62 ராணுவத் தோட்டாவுக்கான கேஜ். ஹெட்ஸ்பேஸ் என்பது மூடிய போல்ட்டின் முகப்புக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். ராணுவ எம்14 ரைபிளுக்கு அதை 1.6455 அங்குலம் வரை விடுவோம். உங்கள் .308க்கு 1.638 தான் எல்லை. என் கேஜ் சரி என்று சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது" என்றார். அன்று அவர் மறுத்ததால்தான் ஏஆர் வேலையை இன்றும் அவரிடமே கொடுக்கிறேன்.

* * *

யாராவது தன்னை ஆர்மரர் என்று சொன்னால், படையில் எந்தப் பிரிவு என்று நான் கேட்டுவிடுவேன். அமெரிக்கத் தரைப்படையில் கம்பெனி ஆயுத அறையைப் பார்த்துக்கொள்பவர் பல நேரம் 92ஒய் என்ற பணிக் குறியீடு உள்ளவர், அதாவது சப்ளை ஆள். பழுதுபார்க்கவென்றே பயிற்சி பெற்றவர் 91எஃப். நாம் இரண்டு பேரையும் ஆர்மரர் என்றுதான் கூப்பிடுகிறோம். அப்புறம், காசு வாங்கித் தொழிலாகச் செய்தால் அந்நாட்டில் கூட்டாட்சி உரிமம் வேண்டும்.

ஒருவர் என்னிடம், "ஆயுத அறையிலேயே வைத்து முடித்துத் தருகிறேன், ஸ்பிரிங்கும் அங்கிருந்தே எடுத்துக்கலாம்" என்றார். படையின் இடத்திலும் படையின் பாகத்திலும் என் சொந்த வேலை வேண்டாம் என்று ரைபிளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.