இசேகாய்க்குத் தமிழ்ச்சொல்: ‘மறுபிறப்புக் கதை’ போதாது

அனைவருக்கும் வணக்கம்.

நம் உலகத்து ஆள் ஒருவர் வேறோர் உலகத்தில் போய்ப் பிறப்பதை அல்லது விழுவதைச் சொல்லும் ஜப்பானியக் கதைவகை இசேகாய். அதற்குத் தமிழில் ‘மறுபிறப்புக் கதை’ என்றே வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. நம் கதைகளில் மறுபிறப்பு என்றால் செத்தவர் இதே மண்ணில் திரும்பி வருவார், விட்ட காதலைத் தொடர்வார் அல்லது பழிவாங்குவார். இசேகாயில் ஆள் பெரும்பாலும் இந்த உலகத்துக்குத் திரும்புவதே இல்லை.

யோஜோ சென்கியை வைத்தே பார்ப்போம், கார்லோ ஜென் எழுதிய நாவல் தொடர், 2017 ஜனவரி முதல் மார்ச் வரை 12 அத்தியாயங்கள் அனிமேவாக (ஜப்பானிய அசைவூட்டத் தொடராக) வந்தது. தோக்கியோவில் மனிதவளப் பிரிவு அதிகாரி ஒருவர். வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவன் ரயில் மேடையில் அவரைப் பின்னாலிருந்து தள்ளிவிடுகிறான். ரயில் மோதப் போகிற நொடியில் காலம் உறைந்துவிடுகிறது, மேடையில் நிற்கிறவர்களின் வாய் வழியாக ஒரு குரல் ‘நானே படைத்தவன்’ என்கிற தோரணையில் பேசுகிறது. இவர் நாத்திகர், அந்த நேரத்திலும் விடாமல் வாதாடுகிறார், கடவுள் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் அதற்கு ‘எக்ஸ்’ என்று பெயர் வைக்கிறார். அப்புறம் கண் விழித்தால் முதல் உலகப் போர்க்கால ஜெர்மனியை உரித்துவைத்தது போன்ற, ஆனால் மந்திரமும் சேர்ந்த ஒரு பேரரசில், அநாதை இல்லத்துப் பெண் குழந்தை. பெயர் தான்யா. பழைய நினைவு எதுவும் அழியவில்லை.

அந்த நினைவுதான் கதையின் அச்சாணி. டாகியா நாட்டுத் தலைநகரில் ஆயுதத் தொழிற்சாலையைத் தாக்கும் முன் மக்களை எச்சரிக்க வேண்டும் என்பது போர்ச் சட்டம். தான்யா எச்சரிக்கிறாள், ஆனால் பள்ளி விழாவில் உறுதிமொழி படிப்பது போன்ற மழலைக் குரலில். யாரும் நம்பவில்லை, யாரும் நகரவில்லை, சட்டப்படி எல்லாம் சரி. விதியைக் காட்டி ஆட்களை வெளியே அனுப்பிய அதே அலுவலகப் புத்தி, இப்போது கையில் குண்டோடு. இந்தக் காட்சியை ‘மறுபிறப்பு’ என்ற ஒற்றைச் சொல் விளக்குமா?

மற்ற யோசனைகளுக்கு வருகிறேன். ‘பிறப்புணர்தல்’ அழகாக இருக்கிறது, மணிபல்லவத்தில் பீடிகையைக் கண்டு மணிமேகலை முற்பிறப்பை உணர்வது நினைவுக்கு வருகிறது. ஆனால் அவள் அறிந்தது இவ்வுலகத்துப் பிறப்பை, அதுவும் பாதியில். தான்யாவுக்கு உணர வேண்டிய தேவையே இல்லை, மறக்கவே இல்லையே. ‘கூடுபாய்தல்’ சித்தர் வேலை: தானாக விரும்பிச் செய்வது, உயிர் போன உடலுக்குள் புகுவது, வேண்டுமானால் திரும்புவது. ‘வேற்றுலகக் கதை’ என்றால் பாதிப் பேர் பறக்கும் தட்டைத் தேடுவார்கள். ‘மறுவுலகு’ இரங்கல் கூட்டத்துக்குப் போய்விடும்.

என் பரிந்துரை ‘அயல்’. அயல்வீடு பக்கத்தில் இருப்பது, அயல்நாடு எங்கோ இருப்பது, இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். தான்யாவின் பேரரசும் அப்படித்தான். வரைபடத்தைப் பார்த்தால் ஐரோப்பா, பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி ஒரு குடியரசு, ரைன் போர்முனை, ஆனால் எதுவும் நம்முடையது இல்லை. ஜெர்மனிக்கு என்ன ஆனது என்று படித்தவர் என்பதால்தான் அவளுக்கு அந்தப் பேரரசின் வெற்றிகளைக் கண்டாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஜப்பானியர்களே இதில் இரண்டு வகை பிரிக்கிறார்கள். செத்துப் பிறப்பது தென்செய், உடலோடு போய் விழுவது தென்இ. இணையத்தில் இவ்வகை நாவல்கள் குவியும் ‘நாரோ’ தளத்தில் எழுத்தாளர் எது என்று குறிச்சொல் போட்டே ஆக வேண்டும். ஆகவே நமக்கும் இரண்டு சொல் வேண்டும்: அயலுலகப் பிறப்பு, அயலுலகப் பெயர்வு. பொதுவாக ‘அயலுலகக் கதை’.

—

ஐயா, ‘அயல்’ நன்று. அயலகத் தமிழர் என்று அரசு ஏற்கெனவே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, பரவாயில்லை, உலகு என்று சேர்த்தால் குழப்பம் வராது. ஆனால் ‘அயலுலகப் பிறப்பு’ நீளம். ஐந்து முறை வரும் பத்தியில் எழுதிப் பாருங்கள், கை வலிக்கும். பள்ளி இலக்கணத்தில் ‘அயற்கூற்று’ எல்லாரும் படித்ததுதானே, அதே புணர்ச்சியில் ‘அயற்பிறப்பு’ என்று சுருக்கலாம். இன்னொரு வசதி, அப்படிப் பிறந்தவரை ‘அயற்பிறவி’ எனலாம். தான்யா விஷயத்தில் இது பெரிய உதவி. உள்ளே இருப்பது நடுவயது ஆண், வெளியே பத்து வயதுப் பெண், தமிழில் வினைமுற்று எழுதினாலே அவனா அவளா என்று முடிவு சொல்லியாக வேண்டும். ‘பிறவி’ இரண்டுக்கும் பொது. (வீட்டில் ‘என்ன பிறவியோ’ என்று திட்டுவதற்கும் தான்யா முழுத் தகுதி உள்ளவள்.)

‘பெயர்வு’ மட்டும் வேண்டாம். ‘அயற்பெயர்வு’ என்றால் யாரோ பேரை மாற்றிக்கொண்டது போல ஒலிக்கிறது. ‘அயல்நுழைவு’ போதும்.

இசேகாய் என்றே எழுதலாம், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே 2024இல் அப்படியேதானே எடுத்துக்கொண்டது என்று ஒருவர் கேட்டார். எழுதலாம். ஆனால் அதிலிருந்து ஆளைக் குறிக்கும் சொல்லையும் வினையையும் எப்படிப் பிறப்பிப்பார்? ‘இசேகாயானார்’ என்றா?

—

அயற்பிறப்பு, அயற்பிறவி, அயல்நுழைவு மூன்றுக்கும் என் வாக்கு. என் நீளமான சொற்களைத் திரும்பப் பெறுகிறேன்.

கூடவே இரண்டு. தான்யாவின் கழுத்தில் தொங்கும் கருவிக்கு ஜப்பானியத்தில் ‘கணிக்கும் மணி’ என்றுதான் பொருள், மந்திரச் சூத்திரங்களைக் கணக்கிட்டுத் தருவது, 95ஆம் வகையை இயக்கவோ பிரார்த்தனை செய்தே ஆக வேண்டும், நாத்திகருக்கு அதைவிடத் தண்டனை ஏது. ‘கணிமணி’ என்று வைத்தேன். அவசரத்தில் தட்டினால் ‘கண்மணி’ ஆகிவிடும், தட்டச்சர்கள் கவனிக்க. அவளோடு பறக்கும் வீரர்களை ‘மந்திரவாதி’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள், எலுமிச்சம்பழம் கண்முன் வருகிறது. அவர்கள் பதவியும் சீருடையும் உள்ள படையினர், ‘வான்மாயப் படையினர்’ எனலாமா?

ஜப்பானியத்தில் அந்தக் குரலின் பெயரில் எக்ஸுக்கு முன் ‘இருப்பு’ என்ற பொருளில் ஒரு சொல் உண்டு, தமிழில் அங்கே என்ன போடுவது என்பதுதான் சிக்கல். ‘இருப்பு எக்ஸ்’ மளிகைக்கடைக் கணக்கு. இறைவனை ‘இருக்கிறான்’ என்று சொல்லும் நம்மாழ்வாரின் ‘உளன்’ நாக்கு நுனி வரை வந்தது, ஆனால் அந்தச் சொல்லைக் கொடுத்தால் அந்த ஆள் 12 அத்தியாயமும் மறுக்கிற பக்தியை நாமே அவர் தலையில் கட்டிவிடுவோம். ‘உள்பொருள் எக்ஸ்’ சரியா என்று சித்தாந்தம் படித்தவர்கள் சொல்லுங்கள்.